மேம்பாலத்தில் ரமணியின் மின்சாரக் கார்

வெள்ளிக்கிழமை, இரவு. மழை விடவில்லை.

பெட்ரோல் காரைத் தள்ளிவிட்டு மின்சாரக் கார் வாங்கச் சொல்லி மேல்வீட்டு ரமணி என்னை அரித்துக்கொண்டிருக்கிறார். “வேளச்சேரியே முழுகினாலும் என் வண்டிக்கு ஒண்ணும் ஆவாது சார், பேட்டரி பக்கா சீல்” என்று நேற்றுகூட அடித்துச் சொன்னார். நானும் நாளை புக் பண்ணுவதாக இருந்தேன்.

இன்று கனமழை என்றார்கள். வெள்ளத்தில் முழுகாமலிருக்க வழக்கம்போல் காரை மேம்பாலத்தில் நிறுத்தப் போனேன். வரிசையில் முதல் கார் ரமணியுடையது. உள்ளேயே உட்கார்ந்திருந்தார்.

“என்ன சார், நீங்க இங்க?”

“சும்மா, காத்து வாங்கலாம்னு.”

கொட்டுகிற மழையில், கண்ணாடியை ஏற்றிக்கொண்டு என்ன காற்று?

வீட்டுக்கு என் குடையில்தான் வந்தார். வழியெல்லாம் பேட்டரிப் பேச்சே இல்லை. “நாளைக்கு புக் பண்றேன் சார்” என்று வேண்டுமென்றே சொல்லிப் பார்த்தேன். மனிதர் திரும்பி மேம்பாலத்தை ஒரு தரம் பார்த்துக்கொண்டார்.