துலூம் கடற்கரையில் டீலர் விஜயராணி

பிப்ரவரி 3, சனி

இட்லி வேகவில்லை என்று காலையில் தட்டு பறந்து வந்தது. குனிந்துவிட்டேன், பழக்கம்தான். சாம்பார் சுவரோடு போயிற்று. துடைத்துவிட்டுக் கடைச் செக்குகளில் கையெழுத்துப் போட்டேன். சனிக்கிழமை என்றால் எனக்கு அதுதான் வேலை. தாராவி நைன்டி ஃபீட் ரோட்டில் இருக்கும் பைப்புக் கடை என் பெயரில் இருக்கிறது. பெண் பெயரில் கடன் வாங்கினால் வட்டி குறைவு என்று கல்யாணமான கையோடு என் புருஷன் ராஜகுமார் எழுதிவைத்தது. இந்த ரோட்டில் பாதிக் கடை இப்படித்தான். பெயர் பெண்டாட்டிக்கு, கல்லா புருஷனுக்கு.

டார்கெட் முடித்த டீலர்களைப் பைப் கம்பெனி ஜோடியாக மெக்சிகோவுக்குக் கூட்டிப்போகிறதாம். வீங்கிய முகத்தோடு விசா ஃபோட்டோ எடுக்க முடியாதே, அதனால் கொஞ்ச நாள் என் முகத்தில் கைவைக்க மாட்டான். அதுவரைக்கும் லாபம்.

பிப்ரவரி 10

ஃபோட்டோ முடிந்தது. என் விடுமுறையும் முடிந்தது.

ஏப்ரல் 14, கான்கூன்

ஹோட்டலில் கழுத்தில் மாட்ட அட்டை கொடுத்தார்கள். என்னுடையதில் டீலர் என்று இருந்தது, அவனுடையதில் ஸ்பௌஸ். ஆண்டாப் ஹில் டீலரின் மனைவி சைனப் படித்துப் பார்த்து, "ராணிக்கா, அப்ப நீங்கதான் கடைக்குச் சேட்டு, முதலாளியா!" என்று சிரித்தாள். மற்றவர்களும் சிரித்தார்கள். ராஜகுமாரும் சிரித்தான். நாலு பேர் முன்னால் அவன் அப்படிச் சிரித்தால் ரூமில் பெல்ட் கழலும்.

கழன்றது. கொக்கி இருக்கிற பக்கம். "பேரு உனக்குன்னா கடையும் உன்னதாட்டி?" டிவி சத்தத்தைக் கூட்டிவைத்துவிட்டு அடித்தான். ஒரு நாள் முழுக்க விமானத்தில் வந்த களைப்புகூட அந்தக் கைக்கு இல்லை.

கல்லானாலும் கணவன் என்பாள் அம்மா. கல் எவ்வளவோ தேவலை, போட்ட இடத்தில் கிடக்கும்.

ஏப்ரல் 15, துலூம்

மாயர்கள் கட்டிய ஊர். சுற்றி மதில், பாறை மேட்டில் கடலோரம் சாம்பல் நிறக் கோயில். ஏறவிடாமல் கயிறு கட்டியிருக்கிறார்கள். ஒரு வாசலுக்கு மேலே தலைகீழாக இறங்குகிற சாமி. உடும்பு மாதிரி ஏதோ கல்லுக்குக் கல் படுத்து வெயில் காய்கிறது. கடல் அப்படியொரு நீலம். மாஹிமின் கறுத்த தண்ணீரையே பார்த்த கண்ணுக்குத் தாங்கவில்லை, அழுகை வந்தது.

கம்பெனி பேனரை விரித்தார்கள். டீலர்கள் முன்னால், துணைகள் பின்னால். முன்வரிசையில் போய் நின்ற ராஜகுமாரைக் கம்பெனி ஆபீசர் தோளைத் தொட்டுப் பின்னால் அனுப்பிவிட்டு, அந்த இடத்தில் என்னை நிறுத்தினார்.

படம் எடுத்து முடிந்து கூட்டம் கலைந்தது. என் முடியைப் பிடித்து ஒரு சுவரோரமாக இழுத்துப் போய்த் தலையைக் கல்லில் மோதினான். மறுபடியும் மோதினான். காது அடைத்தது, ரத்தம் கண்ணில் இறங்கியது. இரண்டு டீலர்கள் பார்த்தார்கள். பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டு கடலைப் படம் எடுத்தார்கள்.

அந்த இழுபறியில் அவன் கூலிங் கிளாஸ் கயிற்றுக்கு அப்பால் தெறித்தது. எடுக்கக் குனிந்தான். கீழே பாறை, அலை. என் கை அவன் முதுகுவரை போயிற்று — போனதை எழுதத்தான் வேண்டும். சத்தியமாய்த் தள்ளியிருப்பேன். இவன் செத்தால் நான் ஜெயிலுக்கு, கடை இவன் அண்ணனுக்கு என்று அப்போது தோன்றியது. அட, கடை என்னுடையது அல்லவா? நான் எதற்கு ஜெயிலுக்குப் போகவேண்டும்?

கையை எடுத்துக்கொண்டேன்.

காவலாளி ஓடி வந்தான். "ஸ்லிப், ஸ்லிப்" என்றான் ராஜகுமார். எங்கிருந்தோ சைனப் வந்து கத்தினாள்: "பொய் சொல்லுதான்! அடிச்சான், நான் பாத்தேன்!" தமிழில்தான் கத்தினாள். காவலாளிக்குப் புரிந்துவிட்டது.

ஏப்ரல் 16

நெற்றியில் தையல். ராத்திரி சைனப் ரூமில் படுத்தேன். அவள் தன் புருஷனை என் புருஷனோடு படுக்க அனுப்பிவிட்டாள்.

ஏப்ரல் 27, சனி

இடது கையால் எழுதுகிறேன். கோணல் எழுத்து.

கடையில் வைத்துச் செக்கை நீட்டினான். போடமாட்டேன் என்றேன். கஸ்டமர் முன்னாலேயே வலது மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினான். மளுக்கென்று சத்தம். எம்மா... உயிரே போச்சு. ஆனா போடலையே! நான் போடவே இல்லையே!

கடையில் வேலைபார்க்கிற நெல்லையப்பன் அவன் சட்டையைப் பிடித்து இழுத்துப் பைப்புக் குவியல் மேல் தள்ளினான். சைனப்புக்கு ஃபோன் போட்டேன். கட்டுப் போட்டுக்கொண்டு இரண்டு பேரும் போலீஸ் ஸ்டேஷன் போனோம். கடை யாருடையது என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். என்னுடையது என்றேன். இத்தனை வருஷத்தில் வாய்விட்டுச் சொன்னது இதுதான் முதல் தடவை.

ஜூன் 20

கோர்ட் உத்தரவு வந்தது. வீட்டுக்குள்ளும் கடைக்குள்ளும் அவன் கால் வைக்கக்கூடாது. மாமியார் ஃபோனில் என்னை மூதேவி என்றாள். கல்லாவில் உட்கார்ந்துகொண்டே கேட்டேன்.

ஜூலை 8, திங்கள்

விடாத மழை. சயானில் தண்டவாளத்தில் தண்ணீர். ஊரெல்லாம் ஒழுகுவதால் கடையில் நல்ல கூட்டம்.

மத்தியானம் நெல்லையப்பன் வந்து நின்றான். "எக்கா, அண்ணாச்சி எதுத்தாப்புல டீக்கடையில நிக்காரு. புது ரூம்ல ஒழுகுதாம், முக்கா இஞ்சு பைப்பு ஒண்ணு வேணுமாம்."

"பில்லு போட்டு எடுத்துட்டுப் போய்க் குடு. உள்ள விடாத."

"என்ன வெலக்கா போட?"

"கஸ்டமருக்குப் போடுத வெல."