ஆறாவது மூடி

ஜூலை 6, ஞாயிறு

வீட்டுக்காரம்மா காலையிலேயே ஒரு கூடை அத்திப்பழத்தை வாசலில் வைத்துவிட்டார். பின்பக்கத்து மரத்தில் பறித்தது. "நாளைக்கு வெச்சா ஈதான் திங்கும், இன்னைக்கே ஏதாவது பண்ணிடும்மா." இரண்டு கிலோவுக்குக் குறையாது. எங்கள் வீட்டில் தின்பது இரண்டரை ஆள். அந்த அரை ஆள் சுண்டு. ஒன்றரை வயது, எதைக் கொடுத்தாலும் துப்புவாள்.

ஜாம் போட்டேன். காம்பைக் கிள்ளி, நாலாக வெட்டி, சர்க்கரையில் ஊறவைத்தேன். எடையில் பாதி போடவேண்டுமாம். பிள்ளைக்காகக் கொஞ்சம் குறைத்தேன். காம்புப் பால் பட்டு விரலிடுக்கெல்லாம் ஒரே அரிப்பு. எலுமிச்சை பிழிந்து கொதிக்கவிட்டபோது தெறித்து, முழங்கையில் ஒரு கொப்புளம். குளிர்ந்த தட்டில் ஒரு சொட்டு விட்டுச் சாய்த்து, ஓடாமல் நின்றதும் இறக்கினேன். ஆறு பாட்டில். ஆற ஆற மூடிகள் ஒவ்வொன்றாக 'டக்' என்று உள்வாங்கின. ஒவ்வொரு டக்குக்கும் சுண்டு சிரித்தாள்.

நன்றாக வந்திருக்கிறது. நன்றாகவே இருக்குமா?

ஜூலை 7, திங்கள்

குழந்தைகள் காப்பகத்தில் முதல் நாள். பழக்குவதற்கு ஒரு மணி நேரம் மட்டும். 21ஆம் தேதி நான் வேலைக்குத் திரும்பியாக வேண்டும். இனி விடுப்பு கிடையாது என்று மேலாளர் சொல்லிவிட்டார். அதற்குள் இவள் பழகாவிட்டால் ராஜினாமாதான். ஐந்து வருட வேலை.

சுண்டு அழுதாள். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். என்னைக் கண்டதும் இரண்டு மடங்காக அழுதாள்.

ஜூலை 9, புதன்

ஒரு பாட்டிலைத் திறந்து ருசி பார்த்தேன். கெடவில்லை. அப்போ மற்றவை? அவற்றையும் திறந்தேன். ஆறாவது மூடி மட்டும் அசையவில்லை. இவரிடம் நீட்டினேன். துணி சுற்றி, பல்லைக் கடித்து, முகம் சிவக்கத் திருகிவிட்டு, "என்னாலயும் முடியலம்மா" என்று திருப்பித் தந்தார். புருஷ லட்சணம்.

ஜூலை 11, வெள்ளி

இன்றும் ஐந்தையும் திறந்தேன். இவர் பார்த்துவிட்டு, "ஜாமுக்குக் காய்ச்சல் இருக்கா?" என்றார். சிரித்துவிட்டேன். அப்புறம்தான் சுருக்கென்றது. தூங்குகிற பிள்ளையின் மூக்கடியில் விரல் வைத்து மூச்சு வருகிறதா என்று பார்ப்பவள்தானே நான். ஒரு தடவை இல்லை, நாலு தடவை. இது என்ன புத்தி?

ஜூலை 15, செவ்வாய்

காப்பக டீச்சர் தனியாகக் கூப்பிட்டார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். முதலில் தண்ணீர் கொடுத்தார்.

"நீங்க போன நாலாவது நிமிஷம் அழுகை நின்னுடுது. அப்போ பாத்து நீங்க ஜன்னல்ல வந்து நிக்கிறீங்க. பிள்ளை திரும்ப முதல்லேருந்து ஆரம்பிக்குது. நான் எத்தனை தடவைதான் சமாதானம் பண்றது, சொல்லுங்க?"

குரலில் கோபமே இல்லை. அதுதான் குத்தியது. எனக்குத் தெரியாதா? தெரியும். கால் நகர மாட்டேங்குதே — நான் என்ன பண்ண?

ஜூலை 17, வியாழன்

ஐந்து பாட்டிலிலும் பூசணம். மேலே பஞ்சு பரப்பின மாதிரி. தினம் திறந்து, நக்கின கரண்டியையே திரும்ப விட்டுக் கிளறியிருக்கிறேன். படிச்ச மேதாவி. எல்லாவற்றையும் கொட்டிவிட்டு அடுக்களைத் தரையிலேயே உட்கார்ந்து அழுதேன். சுண்டு வந்து தன் கவுனைத் தூக்கி என் கண்ணைத் துடைத்தாள். கவுனில் ஒட்டியிருந்த வாழைப்பழமெல்லாம் என் முகத்தில்.

இவர் ஆறாவது பாட்டிலை எடுத்துவந்தார். ஒரே திருகு. டக். உள்ளே அன்று ஊற்றிய அதே நிறம், அதே பளபளப்பு.

"அன்னைக்கு முடியலன்னீங்க?"

"முடியலன்னு சொன்னாத்தானே நீ விடுவே."

பாவி மனுஷன். முகம்கூடச் சிவந்ததே! ரொட்டியில் தடவிக் கொடுத்தார். சுண்டு துப்பவில்லை. விதை நறநறவென்று கடிபட, இன்னும் வேண்டும் என்று கையை நீட்டினாள்.

ஜூலை 18, வெள்ளி

காப்பகக் கதவைச் சாத்தினார்கள். அழுகை கேட்டது. ஜன்னல் பக்கம் போகவில்லை. பஸ் நிறுத்தம் வரை நடந்து, ஒரு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். எத்தனை பஸ் போயிற்றோ.

திரும்பி வந்தபோது சுண்டு கன்னமெல்லாம் நீலச் சாயத்தோடு ஒரு டப்பாவை மூடிக்கொண்டிருந்தாள். என்னை நிமிர்ந்து பார்த்து, "டக்" என்றாள்.

ஜூலை 21, திங்கள்

வேலையில் சேர்ந்தாயிற்று. பன்னிரண்டு மணிக்குள் காப்பகத்துக்கு மூன்று போன். மூன்றாவதில் டீச்சர், "ஜாம் ரொட்டி ரெண்டும் காலி. நீங்க சாப்பிட்டீங்களா?" என்றார்.

சாப்பிடவில்லை.

ஆகஸ்ட் 7, வியாழன்

ஞாயிறன்று மரத்திலிருந்து இன்னொரு கூடை வந்தது. ஏழு பாட்டில் போட்டேன். இந்த முறை சர்க்கரையைக் குறைக்கவில்லை. இன்று சாப்பிடும்போது இவர், "என்ன, இன்னும் ஒண்ணைக்கூடத் திறந்து பாக்கலையா?" என்றார்.

அவர் கேட்ட பிறகுதான், அலமாரியில் அப்படி ஏழு பாட்டில் இருப்பதே நினைவுக்கு வந்தது.