பால் காய்ச்சாத வீடு

7 ஜூலை 2024, ஞாயிறு

லோடு ஆட்டோ போய்விட்டது. வீட்டுக்குள் இருமினால் எதிரொலி கேட்கிறது.

காலையில் மச்சான் பிரசாத் இரண்டு ஆட்களோடு வந்தார். முதலில் கட்டில், பீரோ, மிக்சி, கிரைண்டர். அப்புறம் சமையற்கட்டுக்குள் போய் ஒவ்வொரு பாத்திரமாக எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "இது வளர்மதி. இதுவும் வளர்மதி. இந்தா, இந்தக் கரண்டியில கூட வளர்மதி." கல்யாணச் சீராக வந்த எவர்சில்வர் எல்லாவற்றிலும் அவள் பெயர் வெட்டியிருக்கிறது. பன்னிரண்டு வருஷம் அதில்தான் தின்றேன், குடித்தேன். ஒருநாளும் படித்ததில்லை.

சண்டை போட ஒன்றுமில்லை. ஊர்ப் பெரியவர்கள் போன மாதமே பேசி முடித்துவிட்டார்கள். எனக்கும் வளர்மதிக்கும் ஒத்துவரவில்லை, அவள் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டாள், சீர் அவளுடைய அண்ணன் வீட்டுக்குப் போகவேண்டும். பிள்ளை யாரிடம் இருப்பது என்று கேட்டபோது மகள் வெற்றிச்செல்வி, எங்களுக்குச் செல்வி, என் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அதோடு முடிந்தது என்று நினைத்தேன். ஆட்டோவில் ஏறும்போது மச்சான் சொன்னார்:

"மாப்ள, ஆயுதபூஜை லீவுல வளர்மதி வருவா. நானும் வந்து பாப்பேன். பொம்பளப் புள்ள இருக்குற மாதிரி வூடு இருந்தாச் சரி. இல்லாட்டி கூட்டிக்கிட்டுப் போயிடுவோம், சொல்லிப்புட்டேன்."

எந்த வீடு? இந்த ரெட்டிபாளையம் வீடே வளர்மதியின் சித்தப்பாவுடையது. இந்த மாதத்துக்குள் காலி செய்யவேண்டும்.

மிச்சம் இருப்பது: இரண்டு தட்டு, அலுமினியச் சட்டி ஒன்று, பிளாஸ்டிக் வாளி, பாய். செல்வியின் டிபன் பாக்ஸ். அதையும் திருப்பித்தான் பார்த்தார் மனுஷன்.

12 ஜூலை

சிமெண்ட் ஆலை வேலையை விட்டுவிட்டேன். நைட் ஷிப்டுக்குப் போனால் பதினொரு வயதுப் பிள்ளையை யார் பார்ப்பது? பெரம்பலூரில் லாரி உதிரிபாகக் கடை ஒன்றில் பகல் வேலை கிடைத்திருக்கிறது. சம்பளம் குறைச்சல். ராத்திரி தூங்கலாம்.

21 ஜூலை, ஞாயிறு

பெரம்பலூர். துறையூர் சாலையிலிருந்து உள்ளே தள்ளி ஒரு வீடு. ஓர் அறை, ஒரு சமையற்கட்டு, குளியலறை. ஆடி மாதம் யாரும் குடிவர மாட்டார்கள் என்பதால் காலியாகவே கிடந்தது. அட்வான்ஸுக்கும் அதிகம் மல்லுக்கட்டவில்லை. மாடியில் இருக்கும் வீட்டுக்கார ஜெயலட்சுமி அக்காவுக்கு மட்டும் மனசே இல்லை.

"குடிவாங்க, வேணாங்கல. சோறு கூட ஆக்கிக்குங்க. ஆனா பால மட்டும் ஆவணி பொறந்து நல்ல நாள் பாத்துக் காய்ச்சுங்க. ஆடியில பால் காய்ச்சி வூடு வெளங்குனதா நான் கேள்விப்பட்டதே இல்ல."

சாமான் இறக்க ஆள் தேவைப்படவில்லை. பஸ்ஸிலேயே எல்லாம் வந்துவிட்டது.

செல்வி ஜெயலட்சுமி அக்கா சொன்னதைச் சட்டமாக எடுத்துக்கொண்டுவிட்டாள். பால் காய்ச்சுகிறவரைக்கும் இந்த வீட்டு அடுப்பில் பாலே ஏறக்கூடாதாம். "பாக்கெட் பால் வாங்காதப்பா, வூடு வெளங்காது." ஆக, கடுங்காப்பி. இதுவும் நல்லதுதான், ஒரு செலவு மிச்சம்.

4 ஆகஸ்ட், ஞாயிறு

கடையில் எஞ்சின் சாமான் வருகிற பலகைப் பெட்டிகளைக் கேட்டு வாங்கி வந்தேன். ஒன்றைக் கவிழ்த்தால் செல்விக்குப் படிக்கிற மேசை. இன்னொன்றை நிமிர்த்தி வைத்தால் துணி அலமாரி. ஆணி குத்தாமல் இருக்க மூலையெல்லாம் தட்டித் தட்டிக் கை வீங்கிவிட்டது. கிரீஸ் வாசனை போகவில்லை. செல்வி பள்ளிச் சட்டையை முகர்ந்து பார்த்துவிட்டு, "லாரி டிரைவர் மாதிரி இருக்கேன்" என்கிறாள்.

ஜன்னலுக்குத் திரை வேண்டும். தெருவில் போகிறவன் எல்லாம் உள்ளே பார்க்கிறான். பழைய புடவையைக் கிழித்துக் கட்டுவதுதான் வழக்கம். இந்த வீட்டில் புடவை ஏது? அடுப்பைத் துடைக்க, சட்டி இறக்க, தலையணைக்கு உறை போட — எதற்கெடுத்தாலும் ஒரு பழம்புடவை இருந்திருக்கிறது இவ்வளவு நாளும். இப்போதுதான் தெரிகிறது. கடைசியில் என் நீலக் கைலியைக் கட்டினேன். கட்டம் போட்ட திரை. பரவாயில்லை.

ஜன்னல் விளிம்பில் செல்வி தன் கற்களை வரிசையாக வைத்திருக்கிறாள். சுண்ணாம்புச் சுரங்கத்துப் பக்கம் நான் பொறுக்கிக் கொடுத்த நத்தைக் கற்கள். கடல் இருந்த காலத்தில் உயிரோடு இருந்த நத்தைகளாம், பள்ளியில் சொன்னார்களாம். நல்லவேளை, மச்சான் அதைத் திருப்பிப் பார்க்கவில்லை.

அலுப்பாக இருக்கிறது. உடம்பு அலுப்பு இல்லை இது.

1 செப்டம்பர், ஞாயிறு

ஆவணி பாதி போய்விட்டது. செல்வி தினமும் கேட்கிறாள்: "எப்பப்பா பால் காய்ச்சுறது?" நல்ல நாள் பார்க்கவேண்டும் என்றேன். காலண்டரைக் கொண்டுவந்து நீட்டினாள். மூன்று முகூர்த்த நாள் காட்டினாள். அன்றைக்குக் கடையில் சரக்கு வருகிறது, அன்றைக்கு வேறு வேலை, அன்றைக்கு — என்னவோ சொன்னேன்.

பொய்தான். எனக்கு மனசு வரவில்லை. ஆயுதபூஜைக்கு வந்து பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்விட்டால்? பாலைப் பொங்கவிட்டு, இதுதான் நம் வீடு என்று அதன் வாயால் சொல்லவைத்து, அப்புறம் தனியாக இந்த நாலு சுவரை நான் பார்த்துக்கொண்டு உட்காரவா? என்னால் முடியாது சாமி.

15 செப்டம்பர்

நாளையோடு ஆவணி முடிகிறது. செல்வி இன்று கேட்கவில்லை.

6 அக்டோபர், ஞாயிறு

வேலைக்கு வந்து மூன்று மாதம் ஆகப்போகிறது. வீட்டில் கூடியது ஒரு மண்ணெண்ணெய் டின் (காலி, அரிசி போட), ஒரு தலையணை, சுவரில் ஒரு கண்ணாடி. அடுத்த வாரம் வளர்மதி வருகிறாள். மச்சான் இந்த வீட்டை ஒரு சுற்று பார்த்தால் போதும், பிள்ளையின் பையைத் தூக்கிவிடுவார்.

அரியலூருக்குப் போய் அய்யம்பெருமாள் அண்ணனிடம் புலம்பினேன். பந்தல், பாத்திரம், நாற்காலி எல்லாம் வாடகைக்கு விடுகிறவர். ஆலையில் வேலை பார்த்த காலத்திலிருந்து பழக்கம். முழுக்கக் கேட்டுவிட்டு, தொடையைத் தட்டினார்.

"இதுக்காடா மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு வந்த? புரட்டாசியில எவன் கல்யாணம் வைக்குறான்? குடோன் பூரா சாமான் சும்மாத்தான் கெடக்கு. ரெண்டு நாளைக்கு வச்சுக்க, வந்து பாத்துட்டுப் போனதும் அனுப்பிடு. எனக்குக் காசெல்லாம் வேணாம்."

ஏமாற்று வேலைதான். தெரிகிறது. ஆனால் சரி என்றேன்.

10 அக்டோபர், வியாழன்

அய்யம்பெருமாள் அண்ணன் கொஞ்சம் நாற்காலி, பாத்திரம் அனுப்புவார் என்று நினைத்தேன். மனுஷன் தாராளம். நாற்காலி, மேசை, ஆள் உயர ஃபேன், குண்டா, டம்ளர், தட்டு. அதோடு — எப்படி எழுதுவது — கல்யாண ரிசப்ஷனில் பொண்ணு மாப்பிள்ளை உட்காருகிற சோபா! சிவப்பு வெல்வெட், இரண்டு பக்கமும் தங்க நிறத்தில் மயில். வாசல் வழியே நுழையாமல் ஆட்கள் சாய்த்துத் திருப்பி உள்ளே தள்ளினார்கள். அறையில் பாதி அதுதான்.

ஜெயலட்சுமி அக்கா மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "வூட்டுல என்ன விசேஷங்க?" என்றார்.

செல்வி அதைச் சுற்றிச் சுற்றி வந்தாள். "அப்பா, இது கல்யாண சோபா."

"வெறும் சோபாதாம்மா."

"மயிலு இருக்கு."

துணி போட்டு மூடலாம் என்றால் போர்வை எட்டவில்லை. எங்கள் தட்டு, சட்டி, வாளி, பலகைப் பெட்டி எல்லாவற்றையும் குளியலறைக்குள் அடுக்கிக் கதவைச் சாத்தினேன். செல்வி பார்த்துக்கொண்டு நின்றாள். கற்களை மட்டும் எடுக்க விடவில்லை.

12 அக்டோபர், சனி

வந்தார்கள்.

வளர்மதி இளைத்திருக்கிறாள். செல்வியைக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் விடவே இல்லை. மச்சான் நேராகப் போய் சோபாவில் உட்கார்ந்தார், இரண்டு மயிலுக்கும் நடுவில். பார்க்க எனக்கே சிரிப்பு வந்திருக்கும், வேறு நாளாக இருந்திருந்தால்.

"பரவால்லையே மாப்ள. சோபாவெல்லாம் வாங்கிட்டீங்க."

செல்வி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். மச்சான் அண்ணாந்து குடித்தார். எதிரில் நின்ற வளர்மதி டம்ளரின் அடியையே பார்த்தாள். நானும் அப்போதுதான் பார்த்தேன். சிவப்பு பெயின்டில் 'அய்யம்பெருமாள் பந்தல், அரியலூர்'. பாத்திரம் மாறிப்போகாமல் இருக்க எல்லா வாடகைக் கடையிலும் எழுதுவதுதான். ஒரு பாத்திரத்தையாவது திருப்பிப் பார்த்தேனா நான்? அந்த வீட்டில்தான் பார்க்கவில்லை, இங்கேயுமா?

வளர்மதி மேசைமேல் இருந்த தட்டை மெல்லக் கவிழ்த்தாள். அதிலும் சிவப்பு.

மச்சானுக்கும் புரிந்துவிட்டது. எழுந்துவிட்டார். "இது என்ன நாடகக் கொட்டாயா? கிளம்பு செல்வி, துணிய எடு."

அப்போதுதான் செல்வி போய்க் குளியலறைக் கதவைத் திறந்தாள்.

"இந்த சோபா நாளைக்குப் போயிடும் மாமா. எங்க வூட்டுச் சாமான் இந்தா இங்க இருக்கு." ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தாள். "இது என் டேபிள். இது துணிப்பெட்டி. இது அரிசி டின். இந்தத் தட்டு என்னுது, அந்தத் தட்டு அப்பாவுது." வெட்கமே இல்லை அதற்கு. கூசிப்போய் நின்றது நான்தான்.

வளர்மதி அந்தப் பலகைப் பெட்டிமேல் உட்கார்ந்தாள். காப்பி குடிக்கிறாயாம்மா என்று செல்வி கேட்டது. கடுங்காப்பிதான் வந்தது.

"பால் இல்லியா?"

"இன்னும் பால் காய்ச்சலம்மா. காய்ச்சுறதுக்கு முன்னாடி பால் வாங்கக் கூடாது."

"ஆடியில வந்தீங்க. ஆவணி பூரா என்ன பண்ணுனீங்க?" என்னைத்தான் கேட்டாள்.

சொல்லக் கூடாதென்றுதான் இருந்தேன். வாய் கேட்கவில்லை. "நீ புள்ளையக் கூட்டிக்கிட்டுப் போயிட்டா, எனக்கு எதுக்கு வளர்மதி பால் காய்ச்சுன வூடு?"

மச்சான் ஜன்னல் பக்கம் திரும்பிக் கைலித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடுங்காப்பியைக் கடைசிவரை குடித்துவிட்டு வளர்மதி எழுந்தாள். "லீவு முடியுது. இப்ப இருக்கட்டும். தீபாவளிக்குள்ள சொல்லி அனுப்புறேன்."

என்ன சொல்லி அனுப்புவாள்?

13 அக்டோபர்

சோபா போய்விட்டது. மயில் ஒன்றின் மூக்கு வாசலில் இடித்து உடைந்துவிட்டது. அய்யம்பெருமாள் அண்ணனிடம் போனில் சொன்னேன். "மூக்க விடுறா, புள்ள என்னாச்சு?" என்றார். தெரியவில்லை அண்ணே என்றேன்.

20 அக்டோபர்

போன் அடித்தால் ஓடுகிறேன். எடுத்தால் கடை முதலாளி.

24 அக்டோபர்

செல்விக்குத் தீபாவளிக்கு ஒரு சுடிதார் எடுத்தேன். இங்கே போடுவாளோ, அரியலூரில் மாமா வீட்டில் போடுவாளோ. தெரியாமலே எடுத்தேன்.

27 அக்டோபர், ஞாயிறு

காலையில் வாசலில் லோடு ஆட்டோ சத்தம். பிரசாத் மச்சான். பிள்ளையைக் கூட்டிப்போகத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். செல்வி என் பின்னால் வந்து நின்றாள், அன்றைக்குப் போலவே சட்டையைப் பிடித்துக்கொண்டு.

மச்சான் பின்பக்கம் போய் இரண்டு சாக்கு மூட்டையை இறக்கினார். பாத்திரம் குலுங்குகிற சத்தம். அப்புறம், பழைய கட்டிலின் சட்டங்கள்.

"புடிங்க மாப்ள. சும்மா பாத்துக்கிட்டே நிக்காதீங்க."

"என்ன மச்சான் இது?"

"தங்கச்சி குடுக்கச் சொன்னா. பீரோ என் வூட்டுலயே கெடக்கட்டும், அதை இங்க எங்க வைப்பீங்க?" அப்புறம் என் முகத்தைப் பார்க்காமல்: "தீபாவளிக்கு வளர்மதி இங்க வந்து புள்ளையப் பாத்துட்டுப் போவா. எண்ணெய் வச்சுத் தலைக்கு ஊத்திவிடணுமாம். காலையில சீக்கிரம் எழுப்பி வைங்க."

சாக்கைப் பிரித்தேன். முதலில் கைக்கு வந்தது பால் காய்ச்சுகிற குண்டா. திருப்பிப் பார்த்தேன். வளர்மதி என்று தேய்ந்துபோன பழைய எழுத்து. அதற்குக் கீழே, பளபளவென்று, இப்போதுதான் வெட்டியது: வெற்றிச்செல்வி.

தட்டிலும் அப்படித்தான். டம்ளரிலும். கரண்டியிலும்கூட. ஒன்று விடாமல் பாத்திரக்கடையில் கொடுத்து வெட்டி வாங்கியிருக்கிறாள்.

செல்வி எல்லாவற்றையும் தரையில் பரப்பி வைத்துக்கொண்டு தன் பெயரைத் தானே படித்துக்கொண்டிருந்தாள். நான் கொல்லைப்பக்கம் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

மச்சானுக்குக் கடுங்காப்பிதான் கொடுத்தோம். முகத்தைச் சுளித்துக்கொண்டே குடித்தார்.

28 அக்டோபர், திங்கள்

நாள், நட்சத்திரம் எதுவும் பார்க்கவில்லை. பள்ளிக்கூடம் கிளம்புவதற்கு முன்னால் பால் காய்ச்சினோம். செல்விதான் அடுப்பைப் பற்றவைத்தாள். ஜெயலட்சுமி அக்கா கொஞ்சம் சர்க்கரை கொண்டுவந்தார், இன்னைக்கு ராகுகாலம் எப்போ தெரியுமா என்று முனகிக்கொண்டே. பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. துடைக்கத் துணி இல்லை. என் துண்டால் துடைத்தேன்.

முதல் டம்ளரை எனக்குக் கொடுத்தாள். மூன்று மாதம் கழித்துப் பால் போட்ட காப்பி. சர்க்கரை கூடிப்போயிருந்தது.

அவள் போனபிறகு பாத்திரம் கழுவ உட்கார்ந்தேன். புதிதாக வெட்டிய எழுத்து விரலில் இன்னும் கரகரவென்று இருக்கிறது. பழையது வழுவழுவென்று தேய்ந்திருக்கிறது. கடைக்கு நேரமாகிவிட்டது. இருந்தாலும் ஒவ்வொன்றாக, இரண்டு பெயரையும் படித்துவிட்டுத்தான் கவிழ்த்து வைத்தேன்.