கொடியைத் தாண்டிய தடம்

நல்லேப்பிள்ளி,
15-2-1976

அன்பு மருமகன் காளிச்சாமிக்கு மாமன் அப்புசாமி ஆசி கூறி எழுதுவது. இங்கே உன் அம்மா முதல் மாடுகன்று வரை சுகம். உன் சுகத்துக்குப் பதில் போடு.

சத்தத்தை முந்திப் பறக்கிற ஏரோப்பிளேன் நீ வேலை பார்க்கிற பேர்ஷியா வளைகுடாப் பக்கம் இறங்கிவிட்டதாகப் பேப்பரில் போட்டிருக்கிறான். இதெல்லாம் நான் முன்னாடியே சொன்னதுதான். ஓடுபாதைக்குக் கனம் கூட்டித் தார் போடுகிறோம் என்று நீ எழுதின அன்றைக்கே, ஏதோ பெரிய சாமான் வரப்போகுது என்று டீக்கடையில் சொல்லிவிட்டேன். அன்று சிரித்த குப்பண்ணன் இப்போது தலையைக் குனிந்துகொண்டு டீ குடிக்கிறான்.

எனக்குச் சில சந்தேகம். மூக்கை மடக்கிக்கொண்டு இறங்குமாமே, அது எதற்கு? அந்த இரைச்சலில் பக்கத்து வீட்டு ஜன்னல் உடைந்தால் யார் கண்ணாடி போட்டுத் தருவார்கள்? பாதை போட்ட செலவெல்லாம் டிக்கெட்டில் சேருமா, இல்லை ஏறாதவன் தலையிலும் விழுமா? நம்ம ரேக்ளா வண்டிப் பந்தயத்தில் பார்த்ததுதானே. காளைக்கு வேகம் கூடக்கூட, முடிவுக் கொடியைத் தாண்டி நிற்கத் தடமும் நீளணும். போன வருசம் என் காளைகள் ஆறுச்சாமி கடலைக்காட்டில் போய்த்தான் நின்றன. பரிசு எனக்கு வந்தது, கடலை அவனுக்குப் போச்சு. சித்தூர் வரைக்கும் போயிருக்கும், நான் பிடித்ததால் நின்றன.

வெள்ளிக்கிழமை செங்கோட்டையன் வந்தார். ஏரோப்பிளேனே வந்து இறங்கிருச்சுங்களே, பாதை போட்ட பையனுக்கு இனி அங்கே என்ன வேலைங்க என்று கேட்டார். பெண்ணைக் கொடுக்கிறவர், கேட்காமல் இருப்பாரா? ரேக்ளா முடிந்தால் தடத்தைக் கொத்தி நிரவுகிறோமல்லவா, அதே மாதிரி அது இறங்குகிற ஒவ்வொரு தடவையும் பாதை பிய்ந்துபோகும், திரும்பத் தார் போடணும், ஆயுசுக்கும் வேலை என்றேன். மனுசன் முகம் மலர்ந்துவிட்டது. மகள் ராசம்மாளைக் கேட்டு வந்த மாவு மில்லுக்காரரிடம் அன்றைக்கே முடியாதென்று சொல்லிவிட்டார். வைகாசியில் முகூர்த்தம். உன் அம்மா பந்தலுக்கு மூங்கில் பேசிவிட்டாள்.

எல்லாம் சரிதான். ஆனால் ஆயுசுக்கும் வேலை என்று நீயே எழுதினதாகச் சொல்லித்தான் அவரை நம்பவைத்தேன். நீ எழுதினது சித்திரையோடு வேலை தீருகிறது என்று. பாதை பிய்வதும் நானாகச் சேர்த்ததுதான். உள்ளதை உள்ளபடி நீயே அவருக்கு ஒரு வரி போடு சாமி. நான் போய்ச் சொன்னால் அதையும் கதை என்பார்.

வேலை இருந்தாலும் தீர்ந்தாலும் நல்லபடியாக வந்து சேர். என் வாய்க்காலோர வயலை இனி நீ உழுதுகொள். இது மட்டும் புளுகு இல்லை.

உன் வரவை எதிர்பார்க்கும்
மாமன் அப்புசாமி