விடிந்த பிறகு கேட்ட காபி

எங்களிடம் எதையும் காட்டிக்கொள்ளாத என் அப்பாவுக்கு,

போன வாரம் அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். நெஞ்சுவலி. ஈஜிபுரா வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்தவளால் எழுந்திருக்க முடியவில்லை. எதிர்வீட்டுக்காரர் ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினேன். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்பீர்கள். உங்களைச் சேர்த்த அதே இடம்தான். இப்போது எப்படி இருக்கிறாள் என்பதைக் கடைசியில்தான் சொல்வேன். நான் பட்டதை நீங்களும் கொஞ்சம் படுங்கள்.

அன்று இரவு டியூட்டி டாக்டர் அவளைப் பார்த்துவிட்டு, "விடியட்டும், பார்க்கலாம்" என்றார். எனக்கு அவர் சட்டையைப் பிடிக்க வேண்டும்போல் இருந்தது. மூன்று வருடத்துக்கு முன்னால் உங்களுக்கும் இதையே அல்லவா சொன்னார்கள்?

விடிந்துவிட்டால் பிழைத்தார் என்று நம்மவர்களுக்கு ஒரு நம்பிக்கை. உங்களுக்கும் விடிந்தது. ஜன்னலில் வெளிச்சம் வந்தது. பெரியம்மா வராந்தாவிலிருந்து ஊருக்கெல்லாம் போன் போட்டு, "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா என் கையில் பிளாஸ்க்கைக் கொடுத்து, காபி வாங்கி வரச் சொன்னாள். நான் திரும்பி வந்தபோது உங்கள் கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்து மூடியிருந்தார்கள். அதன் பிறகு எனக்குக் காபி இறங்கவில்லை அப்பா.

என் வேலை என்னவென்று உங்களுக்குக் கடைசிவரை புரியவில்லை. கால் சென்டரில், எந்த மணிக்கு எத்தனை பேர் போன் செய்வார்கள் என்று முன்கூட்டியே கணித்து, அதற்கேற்ற ஆட்களை உட்காரவைக்கிறேன். எதற்கும் ஒரு நேரம் உண்டு என்று நம்பிச் சம்பளம் வாங்குகிறவன் நான். அதனால் சாவுக்கும் ஒரு நேரம் இருக்கும், அதைத் தெரிந்துகொண்டால் வாசலிலேயே மறித்துவிடலாம் என்று நினைத்தேன். சிரிக்காதீர்கள்.

டாக்டரிடமே கேட்டேன். விடியற்காலையில் உடம்பு விழிக்கிறபோது ரத்த அழுத்தம் ஏறும், பலவீனமான இதயத்துக்கு அது கஷ்டமான நேரம்தான் என்றார். கேன்டீனில் ஒருவர் அமாவாசையைச் சொன்னார். இன்னொருவர், உறவுக்காரர்கள் கிளம்பிப் போகும் நேரம் பார்த்துத்தான் உயிர் போகும் என்றார். சாவித்ரம்மா என்று ஒரு கன்னட நர்ஸ். அவரிடமும் விடாமல் கேட்டேன்.

"சும்னிரி சார், சும்மா இருங்க! பஸ் டைமிங் கேக்குற மாதிரி கேக்குறீங்களே?" என்று எரிந்து விழுந்தார். பிறகு மனசு கேட்காமல் அவரே வந்தார். "காலைல நாங்க ஜுரம் பார்க்க வர்றோம்ல, சில பேர் போனது அப்பத்தான் தெரியும். போன நேரம் வேற, நாங்க பார்த்த நேரம் வேற. எழுதுறது ரெண்டாவதைத்தான். சும்மா மண்டையைப் போட்டு உடைச்சுக்காதீங்க."

ஆனாலும் நான் மண்டையை உடைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். வெளுக்க ஆரம்பித்ததும் நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டேன். சிறுநீர் முட்டியது, போகவில்லை. மானிட்டரில் பச்சைக் கோடு ஓடுவதையும் அம்மாவின் நெஞ்சு ஏறி இறங்குவதையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்துக் கட்டில்காரர்கள் முகம் கழுவப் போனார்கள். இன்னொரு நைட் நர்ஸ் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். ஜன்னலில் அதே வெளிச்சம் வந்தது.

அம்மா கண்ணைத் திறந்தாள்.

"ரவி, பிளாஸ்க் எடுத்துக்கினு போய் ஒரு காபி வாங்கியாடா."

"முடியாது" என்றேன்.

"தொண்ட வறண்டு போச்சுடா."

"தண்ணி குடி. நான் எங்கயும் போறதா இல்ல. அன்னிக்கு இப்படித்தான் அனுப்புன. வந்து பார்த்தா ஆள் இல்ல."

கத்திவிட்டேன் போலிருக்கிறது. பக்கத்துக் கட்டிலில் எட்டிப் பார்த்தார்கள். அம்மா அத்தனை நாள் என்னிடம் சொல்லாததைச் சொன்னாள்.

"அன்னிக்கு நானா உன்ன அனுப்புனேன்? உங்கப்பாதான்டா அனுப்பச் சொன்னாரு. மூஞ்சில மாஸ்க்கு, பேச முடியல. உன்னக் காட்டி வாசலக் காட்டுனாரு. நான் புரியாத மாதிரி இருந்தேன். திரும்பவும் காட்டுனாரு. பையன் பார்க்க வேணாம்னு அவருக்கு. காபி நான் சொன்ன சாக்கு."

என்ன மனுஷன் அப்பா நீங்கள்? மாத்திரையைக்கூடச் சுவர்ப் பக்கம் திரும்பிப் போட்டுக்கொள்கிறவர், உயிரையும் அப்படித்தான் விட வேண்டுமா? உங்கள் நேரம் அதுதானென்று உங்களுக்கு எப்படித் தெரிந்தது? நான் கூட இருந்திருந்தால் இன்னும் கொஞ்ச நேரம் இழுத்துப் பிடித்திருப்பீர்களா? அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. அதற்குள் அடுத்த பயம் வந்து உட்கார்ந்துகொண்டது. அப்படியானால் இப்போது இவள் கேட்கிற காபி எந்தக் காபி?

கேட்டேவிட்டேன். "நீயும் அதே சாக்கா?"

அம்மாவுக்குச் சிரிப்பு வந்து இருமலாகி நின்றது. "உங்கப்பா புத்தி எனக்குக் கிடையாது. போற நேரம் வந்தா உன் கையப் புடிச்சிக்கினுதான் போவேன். இப்ப எனக்கு நெஜமாவே காபி வேணும். போடா."

போனேன். கேன்டீனில் வரிசை. எனக்கு முன்னால் நின்றவர் நிதானமாக இட்லியா பூரியா என்று யோசித்துக்கொண்டிருந்தார். அவரைத் தள்ளிவிடாமல் நின்றதை என் பொறுமைக்குக் கணக்கில் வையுங்கள். பிளாஸ்க்கை வாங்கிக்கொண்டு படியேறி வந்து பார்க்கிறேன், அம்மா கட்டிலைச் சுற்றித் திரை மூடியிருந்தது.

உள்ளே பேச்சில்லை. அன்று யாராவது வெளியே வந்து சொல்லட்டும் என்று நின்றேன். இன்று நிற்க முடியவில்லை. திரையைப் பிடித்து இழுத்தேவிட்டேன்.

"அய்யோ, ஹொரகே ஹோகி சார்! வெளிய போங்க!" சாவித்ரம்மா போட்ட சத்தத்தில் வராந்தாவே திரும்பியது. அம்மாவுக்குப் புடவை மாற்றிக்கொண்டிருந்தார். போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு அம்மா சொன்னாள்: "இவங்கப்பா எதையும் காட்ட மாட்டாரு. இவனுக்கு எல்லாத்தையும் பார்க்கணும்."

வெளியே வந்து சுவரில் சாய்ந்து அழுதேன். அப்புறம் அவள் காபி குடித்தாள். சர்க்கரை கம்மி என்று ஒரு திட்டும் விழுந்தது. மிச்சத்தை நான் குடித்தேன். மூன்று வருடத்துக்குப் பிறகு.

நேற்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் அப்பா. மாத்திரை நிறைய. என்றைக்கு, எந்த நேரத்தில் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது. நானும் இனிமேல் யாரிடமும் கேட்கப்போவதில்லை.

உங்கள் நினைவு நாள் வருகிறது. படையல் போட்டால், நீங்கள் வந்து சாப்பிடுவதற்காகக் கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே நிற்போமே, அப்போதெல்லாம் நான்தான் சந்து வழியாக எட்டிப் பார்ப்பேன். இந்த வருடம் அதே பிளாஸ்க்கில் காபி வாங்கி வந்து, சூடாக ஒரு டம்ளர் உங்கள் படத்துக்கு முன்னால் வைக்கிறேன். கதவைச் சாத்திவிட்டு, வெளியே சுவர்ப் பக்கம் திரும்பி நிற்கிறேன். சத்தியமாகப் பார்க்க மாட்டேன். நிதானமாகக் குடியுங்கள்.

காபி வாங்கப் போன உங்கள் மகன்,
ரவி