மீன் வாடை முட்டை

மோர்ஸ் தீவு, டென்மார்க்
நவம்பர், ஞாயிறு மதியம்

அன்புள்ள குட்ரூனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நான் நலம். உன் அப்பாவும் நலம்தான், கேட்டால் முழங்காலைக் காட்டுவார். போனில் பேசினால் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று கேட்கிறார், அதனால்தான் கடிதம். பிரேசிலிலிருந்து நீ புறப்படுவதற்குள் இது வந்து சேர வேண்டும்.

கிறிஸ்துமஸுக்கு வருகிறேன், ஆனால் அக்கா வீட்டில் தங்கிக்கொள்கிறேன் என்று எழுதியிருந்தாய். அதை அவரிடம் படித்துக் காட்டினேன். "நல்லது, அங்க கட்டில் மெத்துன்னு இருக்கும்" என்று சொல்லிவிட்டுக் கோழிக் கொட்டகைக்குப் போனவர், காபி ஆறிப்போகும்வரை திரும்பவில்லை. உங்கள் இருவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு நான்தான் முழிக்கிறேன்.

இங்கே நடப்பது எதுவும் எனக்குப் பிடிபடவில்லை. போன முறை நீ வந்தபோது, அவர் வேகவைத்துத் தந்த முட்டையைத் தள்ளிவிட்டாயே, நினைவிருக்கிறதா? "பிரேசில்ல காட்டை எரிச்சு விளைய வச்ச சோயாவைத் தின்ன கோழியோட முட்டை எனக்கு வேணாம்ப்பா" என்றாய். "அப்ப பட்டினி கிட" என்றார். அதோடு நின்றது உங்கள் பேச்சு. இந்த வருஷம் அதே மனிதர் கோழித் தீவனத்துக்காகக் கோதுமை நிலத்தில் மொச்சை விதைத்தார். விற்கிற கடுகை வீட்டிலேயே ஆட்டி, பிண்ணாக்கைக் கோழிக்கு வைத்தார். சோயா மூட்டை வாங்குவதையே விட்டுவிட்டார். ஏன் இந்தக் கூத்து என்று கேட்டால், "சோயாக் கப்பல் எப்ப வரும்னு நான் காத்துக் கிடக்கணுமா?" என்கிறார். எனக்குத் தெரிந்து கப்பல் ஒருநாளும் தாமதமாக வந்ததில்லை.

பிறகு முட்டையில் மீன் வாடை அடிக்க ஆரம்பித்தது. எல்லாவற்றிலும் இல்லை, சிலவற்றில் மட்டும். பழி என் தலையில் விழுந்தது. "முட்டை வைக்கிற நிலவறையில மீனை ஊறப் போட்டிருக்கியே லிஸ்பெத், அதான்" என்றார். கல்யாணமானதிலிருந்து ஹெர்ரிங் மீன் ஜாடி அதே இடத்தில்தான் இருக்கிறது. இருந்தாலும் டிராக்டர் கொட்டகைக்குத் தூக்கிப் போனேன். பூனைகளுக்குக் கொண்டாட்டம், வாடை மட்டும் போகவில்லை. தேவாலய விருந்தில் நம் முட்டையை இறாலோடு ரொட்டியில் வைத்திருந்தார்கள். எல்லோரும் இறாலைத் திட்டினார்கள். நான் வாயைத் திறக்கவில்லை, ஆண்டவர் மன்னிக்கட்டும்.

கடைசியில் கால்நடை மருத்துவர் பியர்கிட் வந்து பார்த்தாள். "கடுகுப் பிண்ணாக்கு வெள்ளைக் கோழிக்கு ஒண்ணும் பண்ணாது. உங்க பழைய பழுப்புக் கோழிங்க சிலதுக்கு அது ஒத்துக்காது, வாடை அப்படியே முட்டைக்குப் போயிடும். சோயாவையே திரும்பப் போடுங்க, இல்ல அதுங்களை வித்துட்டு வெள்ளையை மட்டும் வைங்க" என்றாள். உன் அப்பா தொப்பியைக் கழற்றினார், மறுபடி போட்டுக்கொண்டார். "ரெண்டும் நடக்காது" என்றார். பாவம், அவளுக்கு என்ன தெரியும்? சின்ன வயதில் நீ அடைவைத்துக் குஞ்சு பொரிக்க வைத்த கோழிகளின் வம்சம் அவை என்று எனக்கும் அப்போதுதான் உறைத்தது.

இப்போது பழுப்புக் கோழிகளுக்குத் தனி வாளி. மொச்சையும் பட்டாணியும் மட்டும், நொண்டிக்கொண்டே சுமந்து போகிறார். வாடை போய்விட்டது. ஆனால் முட்டை சிறுத்துவிட்டது, கடையில் வைத்தால் சிரிப்பார்கள். அவர் விற்கவும் இல்லை. உன் பழைய நீலக் கிண்ணத்தில் அடுக்கி வைக்கிறார். பழசாகிவிட்டால் எனக்குச் சமைக்கக் கொடுத்துவிட்டு, புதிதாக எடுத்து வைக்கிறார். யாருக்கு என்று கேட்டேன். "யாராவது வருவாங்க" என்றார். அப்பா செய்வது நல்லதா, கிறுக்குத்தனமா, எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பார்க்கப் பார்க்க அழுகைதான் வருகிறது.

அக்கா வீட்டிலேயே தங்கிக்கொள், நான் எதுவும் சொல்லமாட்டேன். ஒரே ஒரு வேளை மட்டும் இங்கே வா. சோயாவைப் பற்றிப் பேசாதே. அவர் செய்தது சரி என்றும் சொல்லிவிடாதே, எழுந்து போய்விடுவார். பசிக்குதுப்பா, ஒரு முட்டை வேகவைங்க என்று மட்டும் கேள்.

ஆண்டவர் உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன் அம்மா,
லிஸ்பெத்