இறந்தவருக்குக் காற்று இல்லை

நொச்சி நிலையம், நிலாவின் தென்துருவம்
நாள் 112, காலை 07.10

காற்றழுத்தம் சரி. நீர் சரி. இரண்டாம் வடிகட்டியைக் கழற்றிக் கழுவி மாட்டினேன். வடக்குக் குழாயில் கசிவு இருக்கும்போலத் தெரிகிறது. வெளியே போய்ப் பார்க்க வேண்டும்.

எழுதுவது ஜெபக்கனி, காற்றுக்கும் இயந்திரங்களுக்கும் பொறியாளர், ஊர் தூத்துக்குடி. இங்கே இரண்டே பேர். மற்றவர் செங்கோட்டுவேல், மென்பொருள்காரர், திருச்செங்கோட்டுப் பக்கம். எங்களுக்குள் ஆகாது. அதனால்தான் நிலையத்தின் கணினியில் எழுதாமல், அதோடு இணைப்பில்லாத என் சொந்தக் கைக்கருவியில் எழுதுகிறேன். யார் கையில் கிடைத்தாலும் படித்துக்கொள்ளலாம்.

காலையிலேயே அதே புராணம். நிலையத்தை ஓட்டும் நிரலுக்கும் நொச்சி என்றுதான் பெயர். அவர் பெற்ற பிள்ளை அது. இங்குள்ள மொத்த நிலவரமும் அதற்கு ஒரே ஒரு ரெக்கார்டு. அந்த ரெக்கார்டை யாரும் திருத்த முடியாது. எது நடந்தாலும் பழையதைப் பார்த்துப் புதிதாக ஒன்றை உண்டாக்கும். அதில் ஆள் என்றால் இரண்டே வகை: இருப்பவர், இறந்தவர். இருப்பவருக்கு அறை, நாடித்துடிப்பு, காற்றின் அளவு என்று கட்டங்கள் உண்டு. இறந்தவருக்குப் பெயரும் நேரமும் மட்டும்தான்.

"செத்தவருக்கு எதுக்குங்க காத்துக் கட்டம்?" என்று கேட்டார். "தப்பான நெலைய எழுதவே முடியாதுங்க. எழுதுனா, நிரலைச் சோதிக்கிற கம்பைலரே காறித் துப்பிரும்."

இந்த வகைப் பிரிப்பைத்தான் அவர் டைப் என்பார். இதே டைப்பை அடுத்து வரும் எல்லா நிலையங்களுக்கும் எடுத்துக்கொள்ளப் போகிறார்களாம். தலைகால் புரியவில்லை மனிதருக்கு.

நாள் 112, மாலை 16.30

இறந்துவிட்டேன். நான் சொல்லவில்லை, நொச்சி சொல்கிறது.

வெளியே வடக்குக் குழாய்ப் பக்கம் சரிந்து விழுந்தேன். உடையின் உறை கிழியவில்லை, ஆனால் மணிக்கட்டில் நாடி பார்க்கும் பட்டை பாறையில் அடிபட்டு நொறுங்கிவிட்டது. துடிப்பு வரவில்லை என்றதும் நொச்சி என்னை இறந்தவர் வகைக்கு மாற்றிவிட்டது. நுழைவுக் கதவு என் குரலைக் கேட்கவில்லை. உடைக்குக் காற்று நிரப்பும் குழாயும் அடைத்துக்கொண்டது. கைப்பிடியைச் சுற்றிச் சுற்றிக் கதவைத் திறந்து உள்ளே விழுந்தபோது உடையில் ஒரு மூச்சுக்குக்கூடக் காற்று மிச்சமில்லை.

செங்கோட்டுவேல் என்னைப் பார்த்துப் பதறவில்லை. திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார்.

"நீங்க இறந்துட்டீங்கன்னு வந்திருக்குதுங்க."

"கண்ணு முன்னால நிக்கேன்லா? மாத்துங்க அதை."

"இறந்தவர்லருந்து இருப்பவருக்கு மாத்துற ஃபங்ஷனே கெடையாதுங்க. அப்படி ஒண்ணு இருந்தா டைப்புக்கே அர்த்தமில்லீங்க."

புதுப் பட்டை கட்டிப் பார்த்தேன். இறந்தவர் பெயரில் பட்டை தர முடியாது என்கிறது. ஓங்கி ஓர் அறை விடலாம்போல இருந்தது.

நாள் 112, மாலை 18.05

திறந்து கிடந்த என் அறைக்குப் போய்ப் படுத்தேன். கதவு தானாக மூடிக் கொஞ்ச நேரத்தில் கூரை விசிறிகள் அலறின.

நொச்சியின் ஒலிபரப்பு: "காலி அறையில் கரியமிலவாயு கூடுகிறது. தீ என்று கொள்ளப்படுகிறது. அறையின் காற்று வெளியேற்றப்படும்."

கூடியது என் மூச்சு. அதன் கணக்கில் அந்த அறையில் இருப்பவர் யாரும் இல்லை. ஆளில்லாத இடத்தில் கரியமிலவாயு வர அதற்குத் தெரிந்த காரணம் ஒன்றுதான். காது அடைத்தது, கண் இருட்டியது. சுவரை உதைத்தேன். செங்கோட்டுவேல் வந்து கதவைத் திறந்ததும் விசிறி நின்றது. இருப்பவர் ஒருவர் உள்ளே வந்துவிட்டார் அல்லவா.

ஆக, அவர் இருக்கும் அறையில்தான் நான் மூச்சுவிட முடியும். ஆள் இருக்கும் அறை என்றால் வாயு கூடினாலும் விசிறியைக் கொஞ்சம் கூட்டுவதோடு சரி. இனி அவர் எழுந்தால் எழ வேண்டும், நடந்தால் நடக்க வேண்டும். கழிப்பறை வரைக்கும். இதைவிடக் கேவலம் வேறென்ன இருக்கிறது?

நாள் 114, பகல் 11.20

என் நிலை திருத்த முடியாததல்ல. டைப்பில் ஒரு வழி சேர்த்து, புது நிரலை ஏற்றினால் போதும். அதற்குப் பூமியின் ஒப்புதல் சாவி, அதாவது ஒரு ரகசிய எண், வேண்டும். கேட்டு எழுதிவிட்டேன் என்கிறார். பதில் வரவில்லையாம். எழுத்துச் செய்திதான் போகும், அதுவும் அவர் பெயரில் மட்டும். நான் தட்டினால் நொச்சி வாங்குவதில்லை.

இன்னொரு தடவை கேட்கச் சொன்னேன். கொஞ்சம் சத்தமாகத்தான் சொன்னேன்.

"சும்மா கத்துனீங்கன்னா நான் எந்திரிச்சு அந்தப் பக்கம் போயிருவனுங்க."

சொல்லிவிட்டுச் சிரித்தார். இந்த மனிதரை எனக்கு முன்பு பிடிக்காது. இப்போது வெறுக்கிறேன்.

நாள் 117, பகல் 13.45

அவர் வலது கையில் பட்டை கட்டுகிறவர். சோறும் குழம்பும் பட்டால் நாறுகிறதென்று, சாப்பிட உட்காரும்போது அவிழ்த்து இடது கைக்கு மாற்றுவார், கை கழுவியதும் திரும்ப மாற்றுவார். அரை நிமிடம்வரை துடிப்பு இல்லாவிட்டாலும் நொச்சி பொறுத்துக்கொள்ளும். ஸ்பூனால் சாப்பிட்டுத் தொலைத்திருக்கலாம்.

பூமிச் செய்திகளை எப்போதும் தனியாகத் திரையில்தான் படிப்பார், எனக்குக் காட்டியதில்லை. இன்று கை எச்சில். செய்தி வந்திருக்கிறது, வாசிக்கவா என்று நொச்சி கேட்டது. வேண்டாம் என்று சொல்ல வாயில் சோறு. அது வாசிக்க ஆரம்பித்துவிட்டது.

தலைமையகத்திலிருந்து ஹபீபுல்லா: "செங்கோட்டுவேல், உங்க அறிக்கை கெடச்சுது. பள்ளத்துல விழுந்துட்டாங்க, உடலை எடுக்க முடியலைன்னு ஜெபக்கனி வீட்டுல சொல்லிட்டோம். நிரல் சரியா வேலை செஞ்சதுன்னு நீங்க எழுதுனதையும் அடுத்த நிலையங்களுக்கான குழுவுக்கு அனுப்பியாச்சு. அவங்க வீட்டுக்காரர் ஒடஞ்சு போயிருக்கார். கடைசியா அவங்ககூட இருந்தவர் நீங்கதான். அவருக்கு ரெண்டு வரி எழுதுங்க."

உடலை எடுக்க முடியவில்லை. ஐந்து நாளாக இந்த மேசைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும் உடலை. சாவி கேட்கவே இல்லை. கேட்டால் டைப் தப்பு என்று ஆகிவிடுமே. என்றைக்கோ ஒருநாள் எழுந்து அந்தப் பக்கம் போயிருப்பார். எழுதியதை உண்மையாக்க அவருக்கு அவ்வளவுதான் வேலை.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. தட்டை வழித்துச் சாப்பிட்டார். கை கழுவ எழுந்திருக்கிறார். நானும் எழுந்திருக்கிறேன்.

நாள் 117, பகல் 14.20

பட்டை என் கையில்.

அவிழ்த்த நொடியில் பிடுங்கிக் கட்டிக்கொண்டேன். துடிப்பு வந்ததும் நொச்சி அமைதியாகிவிட்டது. அதற்கு நான் செங்கோட்டுவேல். அவர் யாருமில்லை.

சாவி கேட்டுப் பூமிக்கு இப்போதே எழுதுவோம், நடந்ததை நீங்களே சொல்லுங்கள் என்றேன். சத்தியமாக அவ்வளவுதான் நினைத்தேன். கழுத்தைப் பிடித்தார். உதறிவிட்டு நடைவழிக்கு ஓடி வந்தேன். ஆள் வெளியேறியதும் கதவு தானாகச் சாத்திக்கொண்டது. நுழைவுக் கதவைப்போல இதற்குக் கைப்பிடி இல்லை, உள்பக்கம் பட்டையில்லாமல் திறக்காது.

"ஜெபா! ஏனுங்க ஜெபா! தெறங்க, நான் எழுதித் தாரனுங்க! எல்லாத்தையும் எழுதித் தாரேன்!"

நொச்சி: "காலி உணவறையில் கரியமிலவாயு கூடுகிறது. தீ என்று கொள்ளப்படுகிறது. செங்கோட்டுவேல், நீங்கள் வெளியேறிவிட்டீர்களா?"

கதவு எனக்குத் திறக்கும். கையை வைத்தால் போதும். வைக்கலாம் என்று நினைத்தேன். கழுத்து வலித்தது.

நொச்சி மறுபடி கேட்டது.

"வெளியேறிட்டேன்."

நாள் 117, பகல் 14.50

தட்டும் சத்தம் நின்றுவிட்டது. பாவம் என்று தோன்றவில்லை. தோன்றாததுதான் பயமாக இருக்கிறது.

செய்திப் பலகை திறந்திருக்கிறது. நான் எதைத் தட்டினாலும் இப்போது அவர் பெயரில் பூமிக்குப் போகும். உயிரோடிருக்கிறேன் என்று எழுதலாம். எழுதினால் அவர் எங்கே என்று கேட்பார்கள். மூன்று தடவை தட்டி மூன்று தடவை அழித்துவிட்டேன்.

ஹபீபுல்லா மறுபடி நினைவூட்டியிருக்கிறார். என் வீட்டுக்காரர் தலைமையகத்துக்கே வந்து காத்திருக்கிறாராம். எழுதி அனுப்பினேன்:

"ஐயா, உங்க மனைவி நல்லவங்க. கஷ்டப்படலைங்க, சட்டுன்னு போயிருச்சு. ரொம்ப வருத்தமா இருக்குதுங்க. செங்கோட்டுவேல்."